மணை தரையா? சிறு கீறல் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஒருவர் தேறிவந்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

"சின்ன ஆபரேஷன்தான்" என்று அந்த வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மகன் சொன்னார், மருமகள் சொன்னார், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த உறவினர்களும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். வெட்டு சிறியது என்பதில் பொய் இல்லை. ஆனால் "சின்ன" என்ற அந்த ஒரு சொல், அறுவை செய்துகொண்ட அந்த வீட்டு அம்மாவின் உடல் தேறுவதற்கு எத்தனை முறை குறுக்கே வந்து நின்றது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

நான் இயன்முறை மருத்துவர். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் வீடு வீடாகச் சென்று பயிற்சி கொடுப்பது என் வேலை. இவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் தம்பி. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மருத்துவமனையையும் விட்டுவிட்டேன்.

நோயாளியும் நோயும்

வயது 59. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். ஐந்து மா சொந்த நிலம் உண்டு. அது போக, பன்னிரண்டு வயதிலிருந்து பிறர் வயல்களிலும் நடவு நட்டவர். சர்க்கரை நோய்க்கு எட்டு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறார். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது மூச்சுத்திணறலுடன் மருத்துவமனையில் இருந்தபோது ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் உயிரைக் காத்த மருந்து அது.

2023இல் வலது முழங்காலில் வலி தொடங்கியது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தார், பட்டை போட்டார், வலி ஊசி போட்டுக்கொண்டார். இப்படியே ஓராண்டு ஓடிவிட்டது. கோளாறு முழங்காலில் இல்லை. இடுப்பு மூட்டின் வலி தொடை வழியாக இறங்கி முழங்காலில் தெரிவது மிகச் சாதாரணம். கவட்டையில் பிடிப்பு வந்து, ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பந்து ரத்த ஓட்டம் இழந்து, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எலும்பு உள்ளேயே செத்துப்போகும் இந்த நோய்க்கு ஸ்டீராய்டு ஒரு முக்கியக் காரணம். இவருக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று எலும்பு மருத்துவர் கருதினார். பந்து நசுங்கிய பிறகு மருந்தால் அதை நிமிர்த்த முடியாது. மூட்டை மாற்றுவதே வழி என்று முடிவாயிற்று.

எப்போது செய்துகொள்வது என்பதை அவரே தீர்மானித்தார். சம்பா அறுவடை முடிந்து தையில் கதிர் வீட்டுக்கு வரட்டும், மாசியில் செய்துகொண்டால் குறுவைக்கு எழுந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நடுவில் ஒரு தடை வந்தது. அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் இருப்பதைப் பார்த்துவிட்டு மருத்துவர் தேதியைத் தள்ளிவைத்தார். வீட்டாருக்குக் கோபம். "இது ஊரில் எல்லோருக்கும் இருக்கிற புண்தானே?" என்றார் மகன். ஊரில் எல்லோருக்கும் இருக்கிறதுதான். ஆனால் தோலில் திறந்திருக்கும் எந்தப் புண் வழியாகவும் கிருமி ரத்தத்தில் ஏறி, புதிதாக வைத்த உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் அதை விரட்டுவது மிகக் கடினம். சில வேளை மூட்டையே திரும்ப எடுக்க வேண்டிவரும். மூன்று வாரம் காலைச் சேற்றில் வைக்காமல், களிம்பு போட்டு, புண் ஆறிய பிறகே சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. வயலில் வேலை செய்யும் யாருக்கு இந்த அறுவை என்றாலும், நான் முதலில் பார்க்கச் சொல்வது கால்விரல் இடுக்கைத்தான்.

அறுவை

2025 பிப்ரவரி இறுதியில், தஞ்சாவூரில். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, புட்டத்தின் பின்பக்கமாகச் சுமார் 10 செ.மீ. கீறலில் செய்தார்கள். வழக்கமான முறையில் இதே கீறல் 20 செ.மீ. வரை போகும். சிமெண்ட் வைக்காத வகை மூட்டு. உலோகத்தின் சொரசொரப்பான மேற்பரப்புக்குள் எலும்பு தானே வளர்ந்து பற்றிக்கொள்ளும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறு கீறல் என்பது ஒரே முறையைக் குறிக்கும் பெயர் அல்ல. முன்பக்கமாகச் செய்பவர்கள் தசைகளுக்கு நடுவே புகுந்து போகிறார்கள். தசையை வெட்டுவது மிகக் குறைவு. பின்பக்கச் சிறு கீறலில் தோலின் வெட்டு சிறியதாக இருந்தாலும், உள்ளே தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளை எலும்பிலிருந்து விடுவித்து, மூட்டை வைத்த பிறகு திரும்பவும் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஊறிப் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும். அதுவரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கினாலோ, காலை உட்புறம் திருப்பினாலோ, கால்மேல் கால் போட்டாலோ பந்து, அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமாக நழுவலாம். முன்பக்கமாகச் செய்தவர்களுக்கு எச்சரிக்கை வேறு: காலை வெகுவாகப் பின்னால் நீட்டி வெளிப்புறம் திருப்பக்கூடாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன அறிவுரையைக் கேட்டு நடக்காதீர்கள். உங்களுக்கு எந்தப் பக்கமாகச் செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவருக்குப் பின்பக்கம். நெஞ்சு தொடையை நோக்கி வரும் எந்த அசைவும் கூடாது. நடவு நடுபவர் நாளெல்லாம் நிற்கும் நிலையே அதுதான்.

மருத்துவமனையில்

மூன்று நாள். அறுவை நடந்த அன்று மாலையே கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்தார்கள். மறுநாள் பத்து அடி. அதற்கும் மறுநாள் கழிப்பறை வரை. கவட்டையில் இருந்த பழைய வலி போய்விட்டது என்று அழுதே விட்டார். வெட்டின் வலி இருந்தது, ஆனால் அது வேறு வலி. எலும்போடு எலும்பு உரசும் வலியை இரண்டு ஆண்டு பொறுத்தவருக்கு அந்த வேறுபாடு உடனே தெரிகிறது. "சின்ன ஆபரேஷன்" என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வேர்விட்டது என்று நினைக்கிறேன்.

வீடு

வீட்டுக்கு வரும் முன்பே நான் போய்ப் பார்த்தேன். அறுவை மருத்துவரின் வேலை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி எல்லாம் வீட்டின் கையில் இருக்கிறது. டெல்டாவின் வீடு தரையில் வாழும் வீடு. பாய் தரையில், இலை தரையில், அரிவாள்மணை தரையில், அடுப்பு தரையில், கழிப்பறைப் பீங்கான் தரையில். தெருவிலிருந்து திண்ணைக்கு இரண்டு படி, நிலைப்படி முக்கால் அடி.

கட்டில் ஒன்று இருந்தது, ஆனால் அது கயிற்றுக் கட்டில். உட்கார்ந்தால் இடுப்பு பள்ளத்தில் இறங்கி முழங்கால் மேலே எழும்பும். அதை ஒதுக்கிவிட்டு மகனின் இரும்புக் கட்டிலைக் கொண்டுவந்தோம். அது தாழ்வாக இருந்ததால் செங்கல் வைக்கலாம் என்றார்கள், செங்கல் நழுவும். ஊர்த் தச்சர் நான்கு மரக்கட்டைகளில் குழி குடைந்து கொடுத்தார், கட்டிலின் கால்கள் அதற்குள் இறங்கி நின்றன. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மேலே மடித்த போர்வை. கழிப்பறைப் பீங்கானுக்கு மேல் வைக்கக் கமோடு நாற்காலி. தரையில் இருந்த கோரைப்பாய், சாக்கு, மிதியடி எல்லாவற்றையும் சுருட்டி மேலே போடச் சொன்னேன். வாக்கரின் கால் சாக்கில் மாட்டினால் அத்தனையும் வீண்.

நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைப் பேரன் செய்தான். கீழே விழுந்ததை எடுக்கவும் பாவாடையைக் காலில் மாட்டி இழுக்கவும், முருங்கைக்கீரை பறிக்கும் தொரட்டியைப் போலவே முழநீள மூங்கிலில் ஒரு சின்னத் தொரட்டி கட்டிக் கொடுத்தான். கடையில் இதற்கென்று விற்கும் கருவியைவிட அவருக்கு அது கைக்கு வாகாக இருந்தது. இப்போது மற்ற வீடுகளிலும் அதையே செய்யச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்

இந்த நாட்களில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீடே பயந்துபோகும். நான்காம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் தொடை நன்றாக வீங்கியது. புட்டத்தில் இருந்த நீலக்கறை தொடை வழியாக இறங்கி முழங்கால், கெண்டைக்கால் வரை வந்தது. உள்ளே கசிந்த ரத்தம் எடையால் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். நடக்க நடக்க மாலையில் வீக்கம் கூடும். படுத்துக் காலை உயர்த்தி வைத்தால் காலையில் குறையும். இது சில வாரம் நீடிப்பது இயல்பு.

மலச்சிக்கல் அவரை வெட்டு வலியைவிட அதிகம் வாட்டியது. வலி மாத்திரைகளில் சில குடலை மந்தமாக்கும். கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர், மருத்துவர் எழுதிய மருந்து என்று சரியாக நான்கு நாள் ஆனது. தூக்கமும் கெட்டது. மல்லாந்துதான் படுக்க வேண்டும், இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. ஒருக்களித்துப் படுத்தே பழகியவருக்கு அது தண்டனை. பத்தாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுதார், சாப்பாடு வேண்டாம் என்றார். ரத்தம் இழந்த உடல் அசதியும் இரவுத் தூக்கமின்மையும் சேர்ந்தால் இப்படி வரும். அது அவருடைய மனத்தின் பலவீனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பத்தியம் என்ற பேரில் முட்டையையும் மீனையும் நிறுத்தியிருந்தார்கள். புண் ஆறவும் தசை திரும்பவும் புரதம் வேண்டும். விரால் மீன் கொடுக்கலாமா என்று மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த வீட்டில் யாரும் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்தது அதுதான். தாராளமாகக் கொடுங்கள் என்றேன். காலையில் முட்டை, இரவில் உளுந்தங்களி. களிக்குக் கருப்பட்டி மட்டும் வேண்டாம், சர்க்கரை நோய் இருக்கிறது.

எட்டாம் நாள் நடந்ததை இன்னும் கவலையோடுதான் நினைக்கிறேன். நான் உள்ளே நுழையும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லெண்ணெயைச் சூடாக்கி, வீங்கிய கெண்டைக்காலை மேலிருந்து கீழ் நீவிக்கொண்டிருந்தார். அன்பினால் செய்தார். ஆனால் இந்த அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கால் நரம்பில், அதாவது ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில், ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து இருக்கிறது. அப்படி ஒரு கட்டி இருக்கும்போது நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் இருக்க 35 நாள் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலை அளந்து பார்த்தேன். வலது கெண்டைக்கால் இடதைவிட மூன்று செ.மீ. பருத்திருந்தது, அழுத்தினால் வலித்தது. அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பி, ரத்தக்குழாயின் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். கட்டி இல்லை. வீண் அலைச்சல் என்று மகன் முணுமுணுத்தார். நாளை இன்னொரு வீட்டில் இதே காலைப் பார்த்தாலும் இதையேதான் செய்வேன்.

அன்று மாலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கெண்டைக்காலில் புதிதாக வலியோடு வீக்கம்; திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி; 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். வெட்டில் சிவப்பு, சீழ், நிற்காத கசிவு. திடீரென்று தாங்க முடியாத வலி வந்து கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பிக்கொள்வது. இவற்றில் எது வந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். வெட்டு அழகாக ஆறியிருந்தது.

பத்தொன்பதாம் நாள்

பங்குனி பிறந்திருந்தது. சம்பா தாளடியில் தெளித்த உளுந்து பறித்து, அடித்து, முற்றத்தில் குவிந்துகிடந்தது. வலி ஏறக்குறைய இல்லை. வாக்கரைக் கையில் தூக்கிக்கொண்டே நடக்கிறார் என்று மருமகள் பெருமையாகச் சொன்ன அடுத்த நாள் அது.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, முறத்தை எடுத்துக்கொண்டு உளுந்து புடைக்க உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். எழும்போது புட்டத்தின் ஆழத்தில் சுரீர் என்று ஒரு வலி, ஏதோ அறுந்த மாதிரி. அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, இரவு முழுவதும் தவிப்பு. மூட்டு நழுவவில்லை. தைத்த தசைப் பகுதி இழுபட்டிருக்கலாம், மூன்று வாரம் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் போனேன். எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "தரையில் உட்காரவே கூடாது என்று எத்தனை முறை சொன்னேன் அம்மா?"

அவர் உண்மையான வியப்போடு என்னைப் பார்த்தார். "தரையில் நான் உட்காரவில்லையே தம்பி. மணை போட்டுத்தானே உட்கார்ந்தேன்."

அந்த மணையைக் காட்டினார். பலாமரப் பலகை, நான்கு விரல் உயரம். சாப்பிடவும், கல்யாணத்தில் பெண்ணை உட்காரவைக்கவும், இட்லிக்கு அரைக்கவும் அதே மணை. அவர் மொழியில் மணை என்பது தரை இல்லை. தரையில் உட்காராமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். நான் சொன்ன வாக்கியத்தை அவர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். தவறு என்னுடையது. 90 டிகிரி என்று மருத்துவமனைத் தாள் சொன்னது. தரை என்று நான் சொன்னேன். இரண்டும் அந்த வீட்டுக்குப் பொருந்தாத சொற்கள்.

அன்றிலிருந்து நான் சொல்வதை மாற்றிக்கொண்டேன். "உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ இருக்க வேண்டும்." அதோடு, உட்காரும் பொருள் எதுவாக இருந்தாலும் நின்றபடி அதன் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், முழங்காலின் பின்மடிப்புக்கு மேலே நான்கு விரல் உயரம் இருந்தால் உட்காரலாம். மணை, முக்காலி, திண்ணை, கட்டைச்சுவர், பம்ப்செட் தொட்டி, மாட்டுக்குப் பால் கறக்கும் குந்து, எல்லாவற்றையும் வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டு ஆம், இல்லை என்று அவரையே சொல்ல வைத்தேன். திண்ணைகூடத் தேறவில்லை. அதற்கு அவர் பட்ட வருத்தம் பெரியது. அந்த ஊரில் மாலைப் பொழுது திண்ணையில்தான் இருக்கிறது. திண்ணைக்கு எதிரே தெருவில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

ஆறு வாரமும் அதற்குப் பிறகும்

ஆறாம் வார எக்ஸ்ரேயில் மூட்டு அசையாமல் இருந்தது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறினார். தடியை வலியுள்ள பக்கத்துக் கையில் பிடிப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். இவருக்கு இடக்கை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

வலது கால் நீண்டுவிட்டது, டாக்டர் தப்பாக வைத்துவிட்டார் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். படுக்க வைத்து அளந்தால் இரண்டு காலும் சமம். இரண்டு ஆண்டு நொண்டி நடந்ததில் இடுப்பே ஒருபக்கம் சாய்ந்து பழகிவிட்டது. நிமிர்ந்து நின்ற காலை உடல் நீளம் என்று படிக்கிறது. இது வாரக்கணக்கில் தானே சரியாகும். உண்மையிலேயே நீளம் கூடியிருந்தால் அளவையில் தெரிந்துவிடும், அதனால் அளக்காமல் யாரும் சமாதானம் சொல்லக் கூடாது.

நடையில் சாய்வு மட்டும் நெடுநாள் இருந்தது. இடுப்பின் வெளிப்புறத் தசை, இரண்டு ஆண்டு வேலை செய்யாமல் மெலிந்துபோனது, வெட்டின் அளவு எதுவாக இருந்தாலும் உடனே திரும்பாது. பெரிய கீறல், சிறிய கீறல் இரண்டையும் ஒப்பிட்டால், முதல் சில வாரம் சிறிய கீறலுக்கு வலி குறைவாகவும் நடை விரைவாகவும் இருக்கலாம். ஓராண்டில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, இவற்றை நாளுக்கு மூன்று வேளை செய்தார். தூரத்தை மின்கம்பங்களால் எண்ணினோம்: ஏப்ரலில் நான்கு கம்பம், மே மாதத்தில் வாய்க்கால் மதகு வரை. கூலி கொடுத்து இயன்முறை மருத்துவரை வரவழைக்க முடியாதவர்களுக்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாம் மாதம் தடி இல்லாமல் வீட்டுக்குள் நடந்தார்.

குறுவை

முதல் நாளிலிருந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மறுபடி நடவு நட முடியுமா?" ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்றே தள்ளிவந்தேன். அறுவை மருத்துவர் தயங்காமல் சொன்னார்: முழுநாள் குனிந்து நிற்கும் நடவு வேண்டாம். சேற்றில் கால் புதைந்திருக்கும்போது உடம்பைத் திருப்பினால் கால் திரும்பாது. திருகல் முழுவதும் மூட்டில் இறங்கும். வழுக்கி விழுந்தால் உலோகத்தைச் சுற்றியுள்ள எலும்பு முறியலாம். இதை நானே அவரிடம் சொன்னேன். நாற்பத்தேழு ஆண்டு செய்த வேலை. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். 15ஆம் தேதி கல்லணை. ஜூலை முதல் வாரத்தில் அவர் வயலுக்கு நடவு இயந்திரம் வந்தது. மகன் பாய் நாற்று போட்டிருந்தார். மூலைகளில் மட்டும் கையால் நட ஆட்கள் இருந்தார்கள். அன்று நானும் போனேன், அவர் என்ன செய்வார் என்ற பயம்தான் காரணம்.

வரப்பு ஓரம் வரை தடியோடு வந்தார், இறங்கவில்லை. கீழே விழுந்ததை எடுக்க நான் முன்பு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தேன்: ஒரு கையால் உறுதியாக எதையாவது பிடித்துக்கொண்டு, அறுவை செய்த காலைப் பின்னால் நீட்டியபடி நல்ல காலின் மேல் குனிய வேண்டும், அப்போது வலது இடுப்பு மடங்காது. பேரனின் தோளை இடக்கையால் பற்றிக்கொண்டார். வலது காலைப் பின்னால் வரப்பின்மேல் நீட்டினார். வலக்கையில் ஒரு கொத்து நாற்று. ஈசானிய மூலையில் முதல் குத்தை வைத்து நிமிர்ந்தார். இரண்டாவது, மூன்றாவது. நான் வாயைத் திறப்பதற்குள் தானே நிறுத்திக்கொண்டு, கையைச் சேலையில் துடைத்தார்.

"மூன்று போதும் தம்பி" என்றார். வேப்பமரத்தடியில் அடுக்கி வைத்திருந்த நாற்காலிக்குப் போய், உட்காருவதற்கு முன் முழங்காலின் பின்மடிப்புக்கு நேரே நான்கு விரலை வைத்து உயரம் பார்த்தார்.

ஓராண்டு எக்ஸ்ரே 2026 மாசியில் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.